சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு உண்மையான தூரம் எவ்வளவு, விமானத்தில் எவ்வளவு நேரமாகும்?

தண்டையார்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். அம்மாவின் பிறந்த ஊர் தூத்துக்குடி. ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று நிறைவடையும் பனிமய மாதா திருவிழாவுக்குப் போய் வருவது அம்மாவின் நெடுநாள் வழக்கம். இதுவரை முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது முழங்கால் வலி கூடிவிட்டதால், இரவில் ஓடும் ரயிலில் எழுந்து நடப்பது அவர்களுக்குப் பெரிய துன்பமாக இருக்கிறது. எனவே இம்முறை விமானத்தில் அழைத்துச் செல்லலாமா என்று எண்ணுகிறேன்.

விவரம் தேடத் தொடங்கியபோது குழப்பமே மிஞ்சியது. இரு ஊர்களுக்கும் இடையே 527 கிலோமீட்டர் என்று ஓரிடத்தில் இருக்கிறது. 600 என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. ரயில் கால அட்டவணையோ 652 என்கிறது. விமானப் பயண நேரமும் அப்படித்தான். தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் இணையதளம் ஒன்று 1 மணி 10 நிமிடம் என்றது. டிக்கெட் எடுக்கப் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று காட்டுகிறது. இரண்டில் எதை நம்பித் திட்டமிடுவது?

தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டு ஓடுபாதையும் நீட்டிக்கப்பட்டது என்பதை அறிவேன். அதனால் பயண நேரம் குறைந்திருக்கிறதா என்பதையும், வடசென்னையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு தூத்துக்குடியில் மாமா வீட்டு வாசலை அடைய மொத்தம் எவ்வளவு நேரமாகும் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை புவியியல் ஆசிரியர்:

வணக்கம் அம்மா. நீங்கள் பார்த்த மூன்று எண்களில் எதுவும் தவறில்லை. மூன்றும் மூன்று வேறு பாதைகளின் நீளம்.

முதலில் 527. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம் வரை பூமிப்பரப்பின் மேல் நேர்க்கோடு இழுத்தால் கிடைக்கும் நீளம் இது. பள்ளிப் பிள்ளைகள்கூட இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கம் வடக்கு அட்சரேகை 12.99 பாகையில் இருக்கிறது, வாகைக்குளம் 8.72 பாகையில் இருக்கிறது. இடைவெளி 4.27 பாகை. இந்த அட்சரேகைகளில் ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர் என்று கொண்டால், வடக்கு தெற்காக ஏறத்தாழ 472 கிலோமீட்டர் வருகிறது. தீர்க்கரேகையில் 80.17 பாகைக்கும் 78.03 பாகைக்கும் இடைவெளி 2.14 பாகை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், நம் பகுதியில் ஒரு பாகைக்கு 109 கிலோமீட்டர் அளவுதான் கிடைக்கும். ஆகவே கிழக்கு மேற்காக 234 கிலோமீட்டர். இந்த இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துப் பிதாகரஸ் தேற்றத்தின்படி கர்ணத்தைக் கண்டால் 527 வந்து நிற்கும். விமானத் துறையினர் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் ஆகையால், அவர்கள் கணக்கில் இது ஏறத்தாழ 284.

இந்த நேர்க்கோடு எந்தெந்த ஊர்களை ஒட்டிப் போகிறது என்று வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். நெய்வேலிக்கு அருகே கடந்து, தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் ஒட்டிச் சென்று, சிவகங்கைச் சீமையின் மேலாகத் தூத்துக்குடிக்கு இறங்குகிறது. ரயில் அந்த வழியில் போவதில்லை. எழும்பூரில் புறப்படும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போய், அங்கிருந்து மேற்கே திண்டுக்கல் வரை ஒதுங்கி, மதுரை, விருதுநகர், கோவில்பட்டி என்று தெற்கே இறங்கி, வாஞ்சி மணியாச்சியில் கிழக்கே திரும்பித்தான் தூத்துக்குடியை அடைகிறது. மேற்கே போய்விட்டுத் திரும்பவும் கிழக்கே வரும் அந்த வளைவுதான் 527-ஐ 652 ஆக்குகிறது. நேர்க்கோட்டைக் காட்டிலும் ஏறத்தாழ கால் பங்கு கூடுதல்.

சாலை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தாம்பரம், விழுப்புரம், திருச்சி வழியாக மதுரை வரை ரயிலோடு ஏறத்தாழ ஒத்துப் போனாலும், திருச்சியிலிருந்து திண்டுக்கல் பக்கம் ஒதுங்காமல் விராலிமலை, மேலூர் வழியாக மதுரையை அடைந்துவிடுகிறது. பிறகு அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நேராகத் தூத்துக்குடி. அதனால் 600 கிலோமீட்டர் அளவில் முடிகிறது. சென்னையில் எந்த முனையிலிருந்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இருபது முப்பது கிலோமீட்டர் கூடலாம், குறையலாம். திருவொற்றியூரில் இருப்பவருக்கும் தாம்பரத்தில் இருப்பவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

ஆகவே, ஊர்களுக்கு இடையிலான தூரம் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தப் பாதையில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று கேட்டுக்கொள்வது நல்லது. மாணவர்களுக்கு நான் முதலில் பழக்கும் கேள்வியும் அதுதான்.

எண்ணூர், விமான நிலையத் தரைப்பணியில் இருந்தவர்:

ஆசிரியர் ஐயா தூரத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பல ஆண்டுகள் அதே வேலையில் இருந்தவன்.

அந்த இணையதளம் காட்டிய 1 மணி 10 நிமிடம் எப்படி வந்தது என்பதை ஊகிப்பது எளிது. இத்தகைய தளங்கள் பெரும்பாலும் எல்லா விமானங்களையும் ஜெட் விமானங்களாகவே கொண்டு, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துத் தூரத்தை வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணியைக் கூட்டிவிடும். 527-ஐ 800-ஆல் வகுத்தால் 40 நிமிடம். அதனுடன் 30 நிமிடம். எந்த விமானம் அந்த வழியில் பறக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை.

தூத்துக்குடிக்கு நெடுங்காலமாகப் பறந்து வந்தவை இறக்கையில் சுழல்விசிறி பொருத்திய டர்போபிராப் வகை விமானங்கள். 1992-இல் அந்த விமான நிலையம் தொடங்கியபோது அமைந்த ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் பயணிகளையும் எரிபொருளையும் சுமந்துகொண்டு அதில் ஏறி இறங்க இயலாது. ஏடிஆர் 72 போன்ற விமானத்துக்கு அது போதும். ஆனால் ஏடிஆரின் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். அது வேகக் குறைவான விமானம் என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். குறுகிய தூரத்துக்கும் சிறிய ஓடுபாதைக்கும் குறைந்த எரிபொருளில் பறப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது அது. தூத்துக்குடி போன்ற ஊர்கள் இத்தனை ஆண்டுகள் வான்வழியில் சென்னையோடு இணைந்திருந்ததற்கு இவ்வகை விமானங்களே காரணம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 527 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்தால் 63 நிமிடம். ஆனால் விமானம் தரையை விட்டு எழும்பியதும் அந்த வேகத்தை எட்டுவதில்லை. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவாகவே இருக்கும். நேர்க்கோட்டிலேயே பறப்பதும் இல்லை. ஓடுபாதை எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழியில் திரும்பி, பிறகே தெற்கு நோக்கிய பாதையைப் பிடிக்கும். இவற்றுக்குப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் கவனிக்காதது இதுதான். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் விமானம் தரையை விட்டு எழும்பும் நேரம் அன்று. நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். வருகை நேரம் என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் அன்று. அந்த ஊரின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். மீனம்பாக்கத்தில் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து சென்று, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருந்து, தன் முறை வந்த பிறகே எழும்ப முடியும். காலை நெரிசலில் இதற்கு மட்டும் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் போய்விடும். தூத்துக்குடியில் அந்த நெரிசல் இல்லை. இறங்கிய சில நிமிடங்களில் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் 85 முதல் 90 நிமிடம். டிக்கெட்டில் நீங்கள் பார்த்த ஒன்றரை மணி சரியானது. அதை நம்பியே திட்டமிடுங்கள்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போவது ஜூலை, ஆகஸ்ட் மாதம் என்பதால். அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்குக்கும் மேற்குக்கும் சற்றுச் சாய்வாக அமைந்தது. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்குவதும் அப்படியே. எனவே மேற்குக் காற்று வீசும் நாட்களில் பல்லாவரம் பக்கம் நோக்கிக் கிளம்பி, இடப்புறம் திரும்பித் தெற்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் இது தலைகீழாகும்; கடலை நோக்கிக் கிளம்பி வலப்புறம் திரும்பும். மேலே பறக்கும்போது தூத்துக்குடி நம்மிலிருந்து தென்தென்மேற்கில் இருப்பதால், மேற்குக் காற்றின் ஒரு பகுதி எதிர்க்காற்றாக வேலை செய்யும். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து வீசினால், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவே விமானத்தின் வேகத்தைக் குறைக்கும். போகும்போது மூன்று நான்கு நிமிடம் கூடும். திரும்பும்போது அதே அளவு குறையும். இந்த அளவு வேறுபாட்டுக்கு நிறுவனங்கள் கால அட்டவணையிலேயே இடம் விட்டிருக்கும்.

ஆனால் அம்மாவை அழைத்துச் செல்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது நிமிடக் கணக்கைவிட முக்கியமான ஒன்று. அதே பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பலத்த காற்று கிழக்கே பாயும். கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமே அதுதான். இறங்குவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடம் விமானம் நன்றாகவே குலுங்கக்கூடும். ஆபத்து ஒன்றும் இல்லை. விமானிகளுக்கு அது நாள்தோறும் பழகிய காற்று. முதன்முறை பறப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் பதற மாட்டார்கள். இறக்கைக்கு அருகிலுள்ள வரிசைகளில் குலுக்கல் சற்றுக் குறைவாக உணரப்படும். கூடுமானால் காலை விமானமாகவே எடுங்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் குலுக்கலும் கூடும்.

ஓடுபாதை நீண்டதால் நேரம் குறைந்ததா என்று கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்த விரிவாக்கத்துக்குப் பிறகு அதன் நீளம் 3,115 மீட்டர். ஏர்பஸ் 321 அளவுள்ள விமானங்களும் இனி இறங்கலாம். ஓடுபாதை நீண்டதனால் மட்டும் ஏடிஆர் வேகமாகப் பறக்கப் போவதில்லை. ஜெட் விமானம் இயக்கப்பட்டால் இருபது நிமிடம் அளவுக்குக் குறையும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகை என்ன என்பதைப் பாருங்கள். அது அங்கேயே குறிப்பிடப்பட்டிருக்கும். ஏடிஆர் என்றிருந்தால் ஒன்றரை மணி. ஏர்பஸ் என்றிருந்தால் அதைவிடக் குறைவு. என்னைக் கேட்டால் முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த இருபது நிமிடம் பெரிதன்று. ஏடிஆரின் பயணிகள் வாசல் பின்புறத்தில், தரைக்கு அருகில் இருக்கிறது. ஏறுவதற்குச் சில படிகளே. சக்கர நாற்காலி வேண்டும் என்பதைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாகவே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். முனைய வாசலிலிருந்து இருக்கை வரை உதவியாளர் உடன் வருவார்.

காலடிப்பேட்டை வணிகர்:

சகோதரி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. உப்பு, கருவாட்டு வணிகத்தின் பொருட்டு இந்த வழியில் அடிக்கடி போய் வருபவன் என்பதால் சொல்கிறேன்.

விமான நிலையம் நகரத்தின் தெற்கு முனையில் இருக்கிறது. நாம் வடக்கு முனையில் இருக்கிறோம். தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் சாலைவழியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதிகாலையில் வண்டி விரைவாகப் போய்விடும். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால், ராயபுரத்தைக் கடப்பதற்குள்ளேயே எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் பிறகு அண்ணா சாலை, கிண்டி. வாடகைக் காரை நம்பி விமானத்துக்குக் கிளம்புவது வடசென்னைக்காரருக்கு எப்போதும் மனக்கலக்கம் தரும் காரியமாகவே இருந்து வந்தது.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. நம் பகுதிக்குக் கிடைத்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன். நீல வழித்தடத்தில் தண்டையார்பேட்டையில் ஏறினால் எங்கும் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஏறத்தாழ 50 நிமிடம். நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் அம்மா படியேற வேண்டியதில்லை. இறங்கிய பிறகு முனையம் வரை நடக்க வேண்டிய தூரம் சற்றுண்டு. பெட்டியோடு போகும்போது அதற்குக் கால் மணி ஒதுக்குங்கள். உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்ற இரு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. உங்கள் டிக்கெட்டில் எது இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் அங்கே அலைய வேண்டியிருக்காது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புறநகர் ரயிலும் உண்டு. சென்னைக் கடற்கரைக்கு வந்து தாம்பரம் வண்டி ஏறினால் திரிசூலத்தில் இறங்கலாம்; எதிரேதான் விமான நிலையம். கட்டணம் மிகக் குறைவு. ஆனால் வண்டி மாறுவதும் படிகளும் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி முழுக் கணக்கு. காலை 10 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். லக்கேஜ் போடும் கவுண்டரை உள்நாட்டு விமானங்களுக்கு வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சக்கர நாற்காலி உதவியும் தேவைப்படுவதால், எட்டேகால் மணிக்குள் முனையத்தில் இருப்பது நல்லது. அதற்கு ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பதினொன்றரைக்கு வாகைக்குளத்தில் விமானம் நிற்கும். பெட்டி வருவதற்குக் கால் மணி. அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், திருநெல்வேலிச் சாலையில் அரை மணிக்குள் போய்விடலாம். பன்னிரண்டரை மணிக்கு மாமா வீட்டில் மதிய உணவுக்கு உட்காரலாம். மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது ஒரு மணியும் சில நிமிடங்களும்தான்.

ரயிலில் அதே கணக்கைப் போட்டால், எழும்பூரில் மாலை ஏழரை வாக்கில் கிளம்பும் முத்துநகரைப் பிடிக்க ஆறேகாலுக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். காலை ஆறரை அளவில் தூத்துக்குடி. மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். விமானம் உங்களுக்கு மிச்சப்படுத்துவது ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரமும் ரயிலில் உறக்கத்தில் கழியும் நேரம் என்பதால், உடல்நலம் உள்ளவர்களுக்கு ரயில்தான் ஆதாயம். உங்கள் அம்மாவுக்கு அந்த உறக்கமே இல்லை என்று சொல்லும்போது கணக்கு மாறிவிடுகிறது.

ராயபுரம் துறைமுகப் பணியாளர்:

தூரத்தைப் பற்றிய பேச்சில் கடல்வழி விடுபட்டுவிட்டது. பயணத்துக்கு இது பயன்படாது. இருந்தாலும், துறைமுகத்தை ஒட்டி வாழும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வான்வழி 527 கிலோமீட்டர்தான் என்றாலும், ஒரு சரக்குக் கப்பல் அந்த வழியில் போக முடியாது. பாக் நீரிணையும் இராமேசுவரத்தை அடுத்த மணல்திட்டுகளும் ஆழம் குறைந்தவை. அதனால் கப்பல் இலங்கைத் தீவை முழுவதும் சுற்றிக்கொண்டுதான் தூத்துக்குடிக்குப் போகிறது. அந்தச் சுற்றைத் தவிர்ப்பதற்காகவே சேதுசமுத்திரத் திட்டப் பணிகள் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டன. திட்டம் நிறைவேறவில்லை, கப்பல்கள் இன்றும் சுற்றியே போகின்றன. ஆசிரியர் ஐயா கூறியபடி எந்தப் பாதை என்று கேட்காமல் தூரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் கடற்கரையில் இல்லை.

பழைய காலத்தில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போவோர் ரயிலில் தூத்துக்குடி வரை சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்புக்குப் போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி வந்த பிறகே அந்தப் போக்குவரத்து மாறியது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் தூத்துக்குடி வேர் உள்ள குடும்பங்கள் இன்றும் பல இருக்கின்றன. அவர்களுக்கு இந்த 527 கிலோமீட்டரும் சொந்தவீட்டு வழி.

தண்டையார்பேட்டை வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மெட்ரோவில் போய்க் காலை விமானத்தில் ஏறுவது என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. கொடியேற்றத்தை ஒட்டியும் ஆகஸ்ட் 5-ஐ ஒட்டியும் தூத்துக்குடி விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால், மதுரைக்குப் பறந்து அங்கிருந்து காரில் போவது நல்லதா? அல்லது வந்தே பாரத் ரயிலில் போகலாமா?

பழைய வண்ணாரப்பேட்டை புவியியல் ஆசிரியர்:

மதுரை விமான நிலையம் மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் 416 கிலோமீட்டர். அங்கே ஜெட் விமானங்களும் பறப்பதால் பயண நேரம் ஒன்றேகால் மணி அளவில் முடிந்துவிடும். ஆனால் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம் இருக்கிறது. நான்குவழிச் சாலைதான் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வானத்தில் மிச்சமாகும் கால் மணிக்காகத் தரையில் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். மொத்தம் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காத நாளுக்கு மட்டும் இது தகும்.

எழும்பூர் முதல் திருநெல்வேலி வரை செல்லும் வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 முதல் ஓடுகிறது. பிற்பகலில் கிளம்பி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் திருநெல்வேலியை அடைகிறது. இருக்கை மட்டுமே உண்டு, படுக்கை இல்லை. இரவு பத்தரை மணி வாக்கில் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டர் காரில் போக வேண்டும். எட்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது முழங்காலுக்கு நல்லதன்று என்பது என் கருத்து. அதைவிட, முத்துநகரில் கீழ்ப் படுக்கையாகக் கழிப்பறைக்கு அருகிலுள்ள தடுப்பில் எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு நடை குறையும். டிக்கெட் எடுக்கும்போது மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். 45 வயது நிறைந்த பெண்களுக்கும் அந்த ஒதுக்கீடு பொருந்தும்.

எண்ணூர், விமான நிலையத் தரைப்பணியில் இருந்தவர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கொடியேற்றத்துக்கு முந்தைய நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் முன்பாகப் போய், ஆகஸ்ட் 5-க்கு மறுநாள் திரும்பாமல் இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பினால் இடமும் கிடைக்கும், கட்டணமும் குறையும். திரும்பும் பயணத்துக்குச் சக்கர நாற்காலியைத் தனியே பதிவு செய்ய மறக்காதீர்கள். போகும்போது பதிவு செய்தது வரும்போதும் தானாக வந்துவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரு டிக்கெட்டிலும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.